சுண்ணாம்பு விரல்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்ட பக்கத்து மனிதர், விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைச் சாவதானமாகத் தூணில் இழுத்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு மூளை பிசகிவிட்டதென்று சம்பந்தி வீட்டார் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். உங்களுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன்.

ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய சமயம், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எனக்குப் புண் கட்டுகிற வேலை. எனக்குப் பார்த்த பெண் வீட்டாரிடம் அரை டாக்டர் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்கும் ராவ்பகதூர் பட்டத்தின்மேல் கண்வைத்து ஒரு பண்ணையார் அங்கே ஆப்பரேஷன் அறை கட்டிக்கொடுத்திருந்தார். கோயிலில் செருப்பைக் கழற்றுவார்; அந்த அறையில் மாட்டார். விருந்தாளி வந்தால் தென்னந்தோப்பைக் காட்டிவிட்டு அதையும் காட்டுவார். உள்ளே ஆளை அறுத்துக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம்.

மீரான் ஒற்றை மாட்டு வண்டிக்காரர். குடலிறக்கம். ஆப்பரேஷனைச் சவரம் மாதிரி நினைத்திருந்தார்.

"வாசல்ல மாடு கெட்டிக் கெடக்கு வே. சீக்கிரம் எந்திரிக்க விட்டுருங்க" என்றவர், குளோரோபார்ம் வாடையில் அப்படியே தூங்கிப்போனார்.

கத்தி, துணி எல்லாம் கொதிக்கவைத்தாயிற்று. கார்பாலிக் தண்ணீரில் டாக்டரும் நானும் தோலுரியக் கை கழுவியாயிற்று. வயிற்றைத் திறந்த பிறகு பண்ணையார் இரண்டு விருந்தாளிகளோடு நுழைந்தார். வெளியே நிற்கச் சொன்னேன்.

"என்னவே, நான் கெட்டுன அறைக்குள்ள வர உம்ம உத்தரவு வேணுமோ?"

விரலில் சுண்ணாம்பு. அவருக்குத் தூண் எட்டவில்லை. காயத்தைச் சுற்றி விரித்திருந்த துணியில் துடைத்தார். அதே விரலால் காயத்தைத் தொட்டு, குடல் இருக்கிற இடத்தை விருந்தாளிகளுக்கு விளக்கினார். டாக்டர் கத்தியை வைத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் போனபின் காயத்தைக் கழுவு கழுவென்று கழுவினார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அவரைப் பகைச்சா குளோரோபார்ம் யாரு வாங்கித் தருவா? சும்மா இரும்."

காயம் சீழ் பிடித்தது. காய்ச்சலில் மாட்டை அவிழ்க்கச் சொல்லிப் புலம்பியபடியே மீரான் போனார்.

"ஆயுசு அம்புட்டுதான்" என்றார் பண்ணையார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. பட்டமும் வந்தது.

இன்று அந்த அறைக் கதவில் தாழ்ப்பாள் உண்டு. ராவ்பகதூரே வந்தாலும் வெளியேதான். கொஞ்சம் முந்திப் போட்டிருக்கலாம். கல்லில் வெட்டிய அவர் பேர் மட்டும் பளபளக்கிறது. சாலையில் பஸ் ஓடுகிறது. ஒற்றை மாட்டு வண்டியைக் காணோம். அன்று மீரானின் உடலை அவருடைய வண்டியில்தான் ஏற்றினோம். வழி தெரிந்த மாடு. யாரும் ஓட்டவில்லை, அதுவாகவே வீட்டு வாசலில் போய் நின்றதாம்.