ரிவால்வருக்குச் சந்தனம்

பெரியப்பாவின் வலது ஆள்காட்டி விரலை ஓசூர் ஃபேக்டரியில் ஒரு பவர் பிரஸ் மெஷின் தின்றுவிட்டிருந்தது. ஆனாலும், இல்லாத அந்த விரல்தான் விசையை இழுக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். மதியத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் ரிவால்வரை எடுத்தால், முதலில் அந்த மொட்டை விரல் துடிக்கும். பிறகுதான் நடுவிரல் மடங்கும். எனக்குப் பயம்தான், ஆனால் போய் உட்காராமல் இருக்கமாட்டேன்.

குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கென்றே செய்த பழைய சீமை ரிவால்வர் அது. விபத்துக்கு முன்பு அதை வைத்துக் கோப்பைகூட வாங்கியிருக்கிறார். எஃகில் மயில்கழுத்து நிறம். மரப்பிடியில் கை வழுக்காதிருக்க மெல்லிய கட்டங்கள் செதுக்கியிருந்தார்கள். தோட்டா உருளையைச் சுற்றிவிட்டால், நிற்கிற இடத்தில் மயிரிழை ஆட்டம் இருக்காது.

“காத வெச்சுக் கேளு பாப்பா. எங்க டூல் ரூம்ல எந்த மெஷினாவது இப்பிடிப் பேசுமா?” என்பார். அவர் நிறுத்திய பிறகும் அந்த டிக் டிக் அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.

விசையை இழுத்தால் ரிவால்வரின் ஊசி தோட்டாவின் அடித்தட்டு விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் வெறுமனே இழுத்தால் எஃகு கெட்டுவிடும் என்று, சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களைப் போட்டே இழுத்துப் பார்ப்பார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகம் பதிந்த மாதிரி குழி இருக்கும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒன்றில் மட்டும் குழியைக் காணோம். அன்று அவர் விசையைத் தொடவில்லை. உருளையை மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்கு ஓடினேன்.

“புதுசா ஒண்ணு இருக்குது பெரீம்மா, பளபளன்னு!”

பெரியம்மா தோசையை அப்படியே கருகவிட்டுவிட்டு உள்ளே போனார். “நாளைக்குப் பூஜை. குடுங்க, இப்பவே சாமிகிட்ட வெச்சிடறேன்” என்று ரிவால்வரை அவர் கையிலிருந்து வாங்கினார். தோட்டாக்களை முந்தானையில் கொட்டிக்கொண்டு, உருளையின் ஓட்டைகளிலெல்லாம் சந்தனத்தைத் திணித்தார்.

மறுநாள் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “என்னா அண்ணி இது, ஓட்டைக்குள்ளயா சந்தனம் வெப்பாங்க?”

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“பூஜைக்கு வெச்சத எடுக்கக் கூடாது” என்றார் பெரியம்மா, பெரியப்பா முகத்தையே பார்த்து. விஜயதசமி போனது, தீபாவளி போனது. சந்தனம் காயக் காய பெரியம்மா மேலே மேலே பூசிக்கொண்டே இருந்தார். பெரியப்பா ரிவால்வரைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

அவ்வளவு நேர்த்தியான பொருளின் அருமை தெரியவில்லையே என்று பெரியம்மா மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். குழி விழாத தோட்டா இன்னும் வெடிக்காத தோட்டா என்பதும், பெரியப்பா அதைத் தனக்கென்றே போட்டுவைத்திருந்தார் என்பதும், அந்த வீட்டில் பெரியம்மா ஒருவருக்குத்தான் புரிந்திருந்தது.