பட்டோங் முழுக் கொம்பு ஊதிய நாள்

எங்கள் ஊர் துவோபலாவில் பட்டோங்கைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் கறியே சாப்பிடாதவராக இருக்க வேண்டும். சந்தைக்குள் நுழையும்போதே அவன் குரல் கேட்கும். எடையில் கை வைப்பான் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அவனிடம்தான் கூட்டம், ஏனென்றால் திட்டிக்கொண்டே ஒரு துண்டு ஈரலைக் கூடப் போடுவான். அப்படிப்பட்ட வாயாடி, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் காலையிலிருந்து யாரிடமும் பேசமாட்டான். அன்றைக்கு அவன் கறிக்கடைக்காரன் இல்லை, கொம்புக்காரன்.

அது மான்கொம்பு, அவன் குடும்பத்துச் சொத்து. குதிரைக்காரர்கள் அடிமையாக விற்க ஆள் பிடிக்க வந்த காலத்தில், அதை ஊதித்தான் வயலில் இருந்தவர்களை ஊர்ச்சுவருக்குள் கூப்பிட்டார்கள். எங்கள் பேச்சில் ஏற்ற இறக்கம்தான் பொருளைச் சொல்லும். கொம்பும் அப்படியே பேசும். ‘குதிரை வந்துவிட்டது’ என்று உயர்ந்து, ‘கொல்லுங்கள்’ என்று அடியில் போய் முடியும். சுவருக்குள் வந்து சேராதவர்களைக் கழுத்தில் கயிறு கட்டித் தெற்கே கடற்கரைவரை நடத்திப் போய் விற்றார்கள். நடக்க முடியாதவர்களை வழியிலேயே தலையில் அடித்துப் போட்டார்கள். வெள்ளைக்காரன் வாங்கினான் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிடித்துக் கொடுத்தவன் குதிரையில் வந்தவன், நம் நிறத்துக்காரன்.

அப்படிப் போனவர்களுக்காக வருஷத்துக்கு ஒருமுறை வரும் நினைவுநாளில் கொம்பின் முதல் பாதியை மட்டும் ஊதுவார்கள். அதைக் கேட்டதும் ஊரே மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கும், குளம்படி வருகிறதா என்று பார்ப்பதுபோல. மறுபாதியை ஊதக் கூடாது. ஊதிவிட்டால், கேட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தே ஆக வேண்டும். எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

அந்த வருஷம் விழாக் குழுவுக்கு ஒரு யோசனை வந்தது: வெறும் ஊதல் போதாது, ஒரு குதிரையும் ஓடினால் வெளியூர்க்காரர்கள் ரசிப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருந்தவன் சம்போ ஒருவன்தான். மாடு மேய்க்கும் புலானி இனத்தான், பட்டோங்குக்கு மாடு விற்கிறவன், ஒரே தட்டில் களி தின்கிற சிநேகிதன்.

"ஆள் பிடிக்கறவனா நடிக்க நான்தான் கிடைச்சேனா? எங்க மாடு உங்க கொல்லையில வாய் வச்சதுக்கே உங்காளுங்க அருவாளத் தூக்கறாங்க" என்றான் சம்போ.

"உன் மூஞ்சிய யாருடா பாக்கப்போறா? துணியச் சுத்திக்கிட்டு சுவர ஒரு சுத்து சுத்து. அப்புறம் வந்து வயிறு முட்டத் தின்னு."

சம்போவின் மனைவி கும்பா பால் குடுவையைக் கீழே வைத்தாள். "அண்ணே, அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. என் கொம்பு கூப்பிடாம இந்த ஊர்ல ஒருத்தனும் கை ஓங்கமாட்டான்."

அவன் சொன்னது சத்தியமான வார்த்தை.

விழா அன்று பட்டோங்கின் மனைவி ஹாவா வயலுக்குக் கிளம்பிவிட்டாள். கடலையில் களை மண்டிக் கிடந்தது. "நீ ஊதறது அங்கேயே கேக்கும். நான் வரப்புலயே உக்காந்து கைய வச்சுக்கறேன்" என்று சொல்லி, பிள்ளைகளைச் சுவரருகே விட்டுவிட்டுப் போனாள்.

சுவரடியில் பந்தல், ஒலிபெருக்கி, வறுத்த கிழங்குக் கடை என்று ஒரே திருவிழா. பட்டோங் சுவரின் மேல் ஏறிப் பாதிக் கொம்பை ஊதினான். நாலைந்து கிழவர்கள் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றபடியே செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எண்ணெய் வழியும் வாயோடு ஒருத்தன் சத்தம் போட்டான்: "அண்ணே, படம் சரியா விழல. சிரிச்ச மாதிரி இன்னொரு வாட்டி ஊதுங்க."

கூட்டம் சிரித்தது. பட்டோங்குக்கு ரத்தம் தலைக்கேறியது. கயிற்றில் போனவர்களின் ரத்தம்தானே இவர்களும்? காது செத்துப்போய்விட்டதா? கொஞ்சம் நடுங்கட்டும் என்றுதான் நினைத்தான். வேறு எதையும் அவன் நினைக்கவில்லை, அதுதான் கேடு. கொம்பை எடுத்து முழுசாக ஊதினான்.

சிரிப்பு அப்படியே நின்றது. முதலில் கிழவர்கள் எழுந்தார்கள். கிழங்குக் கடைக்காரி கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு ஓடினாள். அந்த நேரம் பார்த்து, முகத்தில் துணி சுற்றிய குதிரைக்காரன் சுவரைச் சுற்றி வந்தான்.

எண்ணெய் குதிரையின் கண்ணில் விழுந்தது. யாரோ அதன் முன்னங்காலை அரிவாளால் வெட்ட, அது அலறிக்கொண்டு சரிந்தது. கீழே விழுந்த சம்போ கத்தினான். பயத்தில் நாக்குக்குத் தாய்மொழிதான் வரும், அவன் புலானியில் கத்திவிட்டான். அன்னிய பாஷையைக் கேட்டதும் கூட்டத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கல், உலக்கை, பந்தல் கழி, எல்லாம் விழுந்தன. வயல்களிலிருந்து வந்தவர்கள் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் உள்ளே பாய்ந்தார்கள்.

"நிறுத்துங்கடா, அது சம்போடா" என்று பட்டோங் தொண்டை கிழியக் கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. கொம்பை வாய்க்குக் கொண்டுபோனவன் திகைத்து நின்றான். நிறுத்து என்பதற்குக் கொம்பில் சொல்லே கிடையாது. அதை எறிந்துவிட்டுக் குதித்தான். தோளில் ஒரு வெட்டு வாங்கிக்கொண்டு, ஆட்களைப் பிய்த்துக்கொண்டு நடுவே போனபோது அடி ஓய்ந்திருந்தது.

சம்போவின் கழுத்தில் ஒரு களைக்கொத்து இறங்கியிருந்தது. அதன் பிடியைப் பிடித்தபடி ஹாவா நின்றாள். முழங்கால்வரை வயல் மண். இன்னொரு கையால் செத்தவனின் முகத்துணியை விலக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சம்போ குதிரைல வருவான்னு உனக்குத் தெரியுமேடி" என்றான் பட்டோங்.

"தெரியும். நடிப்புன்னா நீ பாதியோட நிறுத்தியிருப்ப. முழுசா ஊதின. நிஜமாவே எவனோ வந்துட்டான், புள்ளைங்க சுவருகிட்ட நிக்குதேன்னு ஓடி வந்தேன்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே கூப்பிட்ட."

பட்டோங் அவள் பக்கத்தில் குனிந்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் களைக்கொத்தைப் பிடுங்கினான். போலீஸ் ஜீப் வரும்வரை அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.