மூன்றாவது பனியன்

துணி ஏற்றுமதியில் நாட்டுக்கு இவ்வளவு என்றிருந்த கோட்டா முறை முடிந்த ஆண்டு அது. ஆனி மாதம், காற்று புழுதியை வாரியடித்துக்கொண்டிருந்தது. இனி ஆர்டருக்குச் சீனாவோடு மோத வேண்டும் என்ற கவலையில், எங்கள் பனியன் கம்பெனி முதலாளி வழக்கத்துக்கு மாறாகச் சொந்தக்காரர் அல்லாத ஒருவரைத் தலைமை அதிகாரியாகக் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆலையில் இருந்தவர்.

அவர் யாரையும் திட்டியதில்லை. காலையில் செக்கிங் மேசைகளைச் சுற்றி வருவார். தையல் பிசகிய பனியன் கண்ணில் பட்டால் எடுத்துத் தம் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்வார். சாயங்காலம் வரை கழற்ற மாட்டார். பேங்க் மேனேஜர் வந்தாலும் அந்தக் கோலத்திலேயே உட்கார்ந்து பேசுவார். எந்த மேசைப் பனியன் என்பது கேன்டீன் வரை பரவிவிடும். "ஏனுங்க, இன்னைக்கு சார் மேல ஏறிப் போறது யாருங்க?" என்பார் கட்டிங் மாஸ்டர். சிரிப்போம். சிரித்த கையோடு அவரவர் இடத்துக்கு ஓடுவோம்.

ஒரே மேசையின் பனியனை மூன்றாவது முறை அவர் மாட்டிக்கொண்டால் அந்த மேசையின் பொறுப்பாளருக்கு வேலை போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

பொறுப்பாளர்களில் ஒருவர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண். கணவர் இல்லை. கம்பெனி கொடுத்த அறையில் சின்ன மகளோடு குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும். அவர் மேசைக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஆகியிருந்தது. அந்த வாரம் வந்தது குழந்தைகள் ஆர்டர் என்பதால் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார். சார் உடம்பில் குழந்தைப் பனியன் ஏறாதல்லவா. அதனாலேயே நல்ல டெய்லர்களும் கண் கூர்மையான செக்கர்களும் பெரிய சைஸ் பக்கமே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை. பயம் ஒதுக்கிக் கொடுத்த ஏற்பாடு அது.

அன்று சனிக்கிழமை. சம்பள நாள் என்பதால் கிழமை மறக்கவில்லை. ஆர்டர்களைக் கவனிக்கும் என்னிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் அந்தக் குழந்தைகள் ஆர்டரின் மஞ்சள் பனியன் ஒன்றோடு வந்தார். கம்பெனிக் காப்பகத்தில் இருந்த மகளுக்கு, அளவு பார்க்கும் ஆசையில் மாட்டிப் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, புள்ள தலைல எறங்க மாட்டேங்குதுண்ணே. அழுதுருச்சு."

விரித்து அளந்தேன். கழுத்து அளவு சரியாகவே இருந்தது. ஆனால் கழுத்துப் பட்டியை இறுக்கி இழுத்துத் தைத்திருந்தார்கள், இழுத்தால் விரியவில்லை. வாசலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் அதே பனியன்கள் பெட்டி பெட்டியாக ஏறிக்கொண்டிருந்தன. யோசித்துச் சொல்லலாம் என்றேன். யோசிக்கிறதுக்குள்ளே லாரி போய்விடும் என்று அவர் நேரே சார் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

சார் முழுவதும் கேட்டார். பனியனை வாங்கித் தம் தலையில் மாட்டிப் பார்த்தார். நெற்றியோடு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அப்படியே வாசலுக்குப் போன் போட்டு லாரியை நிறுத்தினார். பிறகு அதைக் கழற்றி முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு யூனிட் முழுக்க நடந்தார். செக்கர்கள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

பெட்டிகள் இறங்கி முடிந்ததும் அந்தப் பெண் என்னோடு மறுபடி சார் அறைக்குள் போய் அவர் மேசைமேல் ஒரு சாவியை வைத்தார்.

"என்னங்க இது?"

"ரூம் சாவி சார். மூணாவது ஆயிருச்சுல்ல."

"அப்படின்னு யாருங்க சொன்னா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். யார் சொன்னது? மூன்று முறை ஆன இருவர் விலகியது உண்மை. ஒருவர் பல்லடத்தில் மச்சான் கம்பெனிக்குப் போனார். இன்னொருவர் சொந்தமாகத் தையல் மெஷின் வாங்கிப் பவர் டேபிள் போட்டார். மீதிக் கதையை நாங்களே கட்டிக்கொண்டோம்.

சார் சாவியைத் திருப்பித் தள்ளினார். "வெச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை கழுத்துப் பிரிக்க ஆளு வேணும், அதைப் பாருங்க." அப்படி ஒரு விதியே இல்லை என்று வெளியே வந்தும் அறிவிக்கவில்லை. கேன்டீனில் நாங்கள் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை சார் ஓரத்து மேசைப் பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிங் மாஸ்டர் "ஒண்ணு" என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். உண்மை தெரிந்த நாங்கள் இருவரும்கூட அவரவர் இடத்துக்கு ஓடினோம்.