பின்னட்டையிலிருந்து பறந்து வந்தவன்

கல்முனை ஆசுபத்திரியில் பிரஷர் கிளினிக் நாள். பக்கத்தில் இருந்த பிள்ளை போனில் படக்கதை பார்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலால் ஒரு தள்ளு, ஒரு படம். இன்னொரு தள்ளு, இன்னொரு படம். முகமூடிக்காரன் ஒருவன் பறந்து போனான். நன்றாகத்தான் கீறியிருந்தார்கள். ஆனால் ஒரு படத்துக்குப் பக்கத்தில் மற்றப் படம் இல்லாவிட்டால் அது என்ன படக்கதை? இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் படக்கதைக்கு ஆள் நான்தான்.

பெரிய பிள்ளையாகி வீட்டோடு இருந்த காலம். பள்ளிக்கூடம் போனதில்லை, ஓதப் போனேன், குர்ஆனை முடித்தேன், அவ்வளவுதான். என் மூத்த சகோதரர், காக்கா, கல்முனையில் ஒரு கடையில் படக்கதைப் புத்தகம் வாடகைக்கு எடுத்து வருவார். அவர் வாசித்து முடித்ததும் எனக்கு. ஓதுகிற கிதாபைத் திறக்கிற மாதிரியே பின்னட்டைப் பக்கத்தால் திறந்து, வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டு போவேன். வாயருகே மிதக்கிற எழுத்து முட்டைகளை மூச்சுக்காற்று என்று நினைத்திருந்தேன். நீங்கள் சிரிக்கலாம்.

ஒரு புத்தகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீலப் போர்வை போட்ட ஒருவன். அச்சில் சிவப்பு மை கோடுகளைத் தாண்டி வழிந்திருந்தது. அவன் பறக்கிற ஒவ்வொரு தடவையும் கீழே தரையில் சின்னதாக ஒரு நிழலையும் வைத்திருந்தான் அந்தச் சித்திரக்காரன். எவ்வளவு உயரம் என்று அதை வைத்தே சொல்லலாம். பின்னாலிருந்து திறந்த எனக்கு முதலில் வந்த படம் முழுப் பக்கம். பட்டணம் கல்லும் மண்ணுமாகக் கிடக்க, மேலே அவன் தனியே. பிறகு பக்கம் பக்கமாகக் கற்கள் மேலே போய் ஒட்டும், சுவர் எழும்பும், யன்னல்களில் பெண்கள் வந்து நிற்பார்கள். இரும்புப் பூதம் பின்வாங்கிக் கடலுக்குள் இறங்கிவிடும். எல்லாம் சரியானதும் போர்வையைக் கழற்றிவிட்டு, குடையோடு ஒரு சாதாரண மனுசனாக வேலைக்குப் போவான்.

பின்னேரங்களில் எங்கள் கிணற்றடியில் இதைச் சொல்வேன். ஏழெட்டுக் குமர்ப்பிள்ளைகள் வருவார்கள். எழுத்துத் தெரியாத எனக்குத் தெருவில் இருந்த மதிப்பு அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மாமி மகள் நசீரா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒருநாள் வந்து நின்று பார்த்தாள்.

"என்னகா, பின்னாலருந்து புரட்டுறாய்? இது ஓதுற கிதாபா?"

எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார் என்றேன். அவள் புத்தகத்தை வாங்கி, முன்னட்டையிலிருந்து எழுத்தை உரத்து வாசித்தாள். குடைக்காரனுக்குச் சக்தி கிடைத்தது. பூதம் கடலிலிருந்து ஏறியது. சண்டையில் பட்டணம் இடிந்தது. அவன் வென்று நின்றான். முடிந்தது.

பக்கத்து வீட்டு ஆசியா கேட்டாள்: "அப்ப அந்த யன்னல்ல நிண்ட பொண்டுகள்?"

நசீரா பக்கங்களைப் புரட்டினாள். "அவங்களப் பத்தி ஒண்டும் போடல்ல."

"எனக்கு மத்தக் கதைதான் வேணும்," என்றாள் ஆசியா. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வென்றது நான்தான். ஆனாலும் பிழையாகப் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாரிகாலம் முழுக்கக் காக்காவிடம் எழுத்துப் பழகினேன். பிறகு முன்னட்டையிலிருந்து, எழுத்துக் கூட்டி, சரியாகச் சொன்னேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. சரி என்றால் சரிதானே.

சுனாமியன்று கடல் வந்ததில் ஆசியாவின் வீடு போய்விட்டது. இப்போது வீட்டுத்திட்டத்தில் மாடியில் இருக்கிறாள். போன பெருநாளைக்குப் பார்க்கப் போயிருந்தேன்.

"அந்தச் சுவர் எழும்புற கதைய ஒருக்காச் சொல்லன் புள்ள," என்றாள்.

ஓம், சொல்றன் என்று தொடங்கினேன். குடையோடு ஒரு மனுசன் வேலைக்குப் போனான் என்றுதான் வாயில் வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். அதே முன்னட்டைக் கதைதான் வந்தது. ஆசியா தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனாள்.