மோட்டர் இருந்த வரி

எனக்கு ஓரிடத்தில் குந்தியிருக்க வராது. இதை எழுதத் தொடங்கிய பிறகே இரண்டு தரம் எழும்பிப் போய் பல்கனியில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குக் கடல் தெரியும். அதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க என்னால் ஆகாது. கதிரையில் இருந்தால் வலது கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிடும். சின்ன வயதில் அதற்காக அம்மா தொடையில் கிள்ளுவா. இப்போது மனைவி மேசைக்குக் கீழே கைவிட்டு முழங்காலை அமுக்கிப் பிடிக்கிறாள்.

போன கிழமை ஒரு அலுவலாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்ததிலிருந்து இந்த ஆட்டம் இன்னும் கூடிவிட்டது. என்ன நடந்தது என்று அவள் கேட்கிறாள். சொல்வதென்றால் நான் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் நாட்டில் பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரத்தை மூன்று தரம்தான் எழுதலாம். முதல் தரம் ஃபெஸ்ட் ஷை, பிறகு செக்கன்ட் ஷை, கடைசி தேர்ட் ஷை. தேர்ட் ஷைக்காரனைக் கல்யாண வீட்டில் கண்டால் சனம் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கும். நான் அந்த நிலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். வெள்ளவத்தையில் நான் போன பௌதிகவியல் ரியூசன் வகுப்பில் இன்னொருத்தியும் தேர்ட் ஷை. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருவாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அப்பா ஓட்டுகிறது மாதிரி ஒரு கிரேனை ஒருநாள் தானே வரைந்து கட்ட வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். பொறியியல் பீடத்தைத் தவிர வேறெதையும் அவள் யோசித்ததில்லை. வேறொரு படிப்பும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து இருவரும் பாஸ் பேப்பர் செய்வோம். அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குசினிக்குள் நிற்பா. மூன்று வருடமாகப் பழைய வினாத்தாள்களையே செய்து செய்து எனக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. கேள்வியின் முதல் நாலு சொல்லைப் பார்த்தாலே விடை கண்ணுக்கு முன்னால் நிற்கும். மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை. அவளோ நேர்மாறு. ஒவ்வொரு வரிக்கும் கீழே, கோடு கீறுகிற அடிமட்டத்தை வைத்து, அந்த வரி முடிந்த பிறகுதான் அதைக் கீழே இறக்குவாள். அப்படி வாசித்தே முதல் இரண்டு தரமும் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தவள். அந்த அடிமட்டம் இறங்குகிற வேகத்தைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கடிக்கும்.

"நீர் கேள்வி வாசிக்கிறீரா, இல்லாட்டி செபம் சொல்லுறீரா?" என்று கேட்பேன்.

"வாசிக்காம எப்படி எழுதுறது?"

"எல்லாத்தையும் வாசிக்கத் தேவையில்லை. சுழலுற மேடை, அதில ஒரு ஆள், விளிம்பில இருந்து உள்ளுக்கு நடக்கிறான். மேடை எண்ட சொல்லைக் கண்டீரெண்டா காணும். கோண உந்தம் மாறாது எண்டு முதல் வரியில எழுதும். மிச்சம் தானா வரும்."

நான் சொன்னது பாடத்தில் உள்ளதுதான். அச்சில் உராய்வில்லாமல் சுழல்கிற ஒரு வட்ட மேடை. அதன் விளிம்பில் நிற்கிறவன் நடுவை நோக்கி நடந்தால், சுழற்சியை எதிர்க்கிற சடத்துவத் திருப்பம் குறையும், அதனால் மேடை வேகமாகச் சுழலும். இரண்டையும் பெருக்கினால் வருகிற கோண உந்தம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து யாரும் மேடையை முறுக்காதவரைக்கும் அப்படித்தான். பழைய வினாத்தாள்களில் யாரும் முறுக்கியதில்லை.

அவளுக்கும் வாய் குறைவில்லை. துணிக்கைத் தொகுதி என்ற பாடம் படித்த அன்று என் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "உள்விசை எவ்வளவு இருந்தாலும் தொகுதியின் திணிவு மையம் அசையாதாம். நீங்க இப்படி ஆடி ஆடி ஒரு இடத்துக்கும் போகப் போறதில்ல" என்றாள். அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தா. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய கையிலிருந்து அடிமட்டத்தைப் பறித்து என் பக்கம் வைத்துக்கொள்வேன். மெல்ல மெல்ல அவளும் வேகமானாள். நான் சொன்ன குறுக்குவழிகள் ஒவ்வொன்றாகச் சரிவர, அவள் என்னோடு வாதாடுவதைக் குறைத்தாள்.

பரீட்சை நிலையம் எங்கள் இருவருக்கும் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் கிடைத்தது. அவள் எனக்கு இரண்டு மேசை முன்னால் இருந்தாள். கட்டுரை வினாக்களில் ஒன்று சுழலும் மேடை. கண்டதும் எனக்கு வாயெல்லாம் பல். கோண உந்தம் மாறாது என்று எழுதி, கீழே இருந்த பகுதிகளையும் அதை வைத்தே கடகடவென்று முடித்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் முன்னால் அவள் அடிமட்டத்தைப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடுகிறாள். கொஞ்ச நேரத்தில் விடைத்தாள்களை அடுக்கி நூலால் கட்டியும் விட்டாள். மணி அடிக்க இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. அவளுடைய வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வினாத்தாளை நேரத்தோடு முடித்திருக்கிறாள். அது என்னால்தான் என்று நெஞ்சு நிமிர்ந்து இருந்தேன்.

ஆனால் கால் மணித்தியாலம் சும்மா இருக்க என்னால் முடியுமா? கால் ஆடத் தொடங்கியது. மேற்பார்வையாளர் ஒரு தரம் முறைத்துப் பார்த்தார். கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக வினாத்தாளை எடுத்து, வாசிக்கத் தேவையில்லை என்று விட்ட வரிகளை வாசித்தேன். மேடைக் கேள்வியின் இரண்டாவது வரியில் ஒரு மோட்டர் இருந்தது. மேடையை அந்த மோட்டர் மாறாத வேகத்தில் சுழற்றுகிறதாம்.

அப்படியென்றால் ஆள் உள்ளே நடந்தாலும் வேகம் மாறாது. வேகம் மாறாமல் சடத்துவத் திருப்பம் மட்டும் குறைந்தால் கோண உந்தமும் குறையத்தான் வேண்டும். முதல் பகுதி பிழைத்தால் கீழே உள்ளதெல்லாம் பிழை. எழுதியதை முழுக்க வெட்டி, புதுத்தாள் கேட்டு வாங்கி, மணி அடிக்கும்வரை எழுதினேன். இடையில் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தேன். கட்டிய தாள்களுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அவள் அமைதியாக இருந்தாள். வாயைத் திறந்தால் இருவருமே வெளியில். நான் குனிந்து எழுதினேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். வினாத்தாளை முடித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். வாசலிலேயே வட்டம் போட்டு நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றும் அப்படித்தான். முதல் தரம் எழுதிய ஒரு பிள்ளை, "மேடைக் கேள்வியில மோட்டர் போட்டிருந்தாங்களே, கண்டனீங்களோ?" என்று எல்லாரையும் கேட்டாள். என்னோடு நின்றவள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்க என்ன எழுதினீங்க?" என்றாள்.

"நானும் மாறாது எண்டுதான் எழுதினனான்" என்றேன்.

அது முழுப் பொய்யும் இல்லை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் அப்படித்தானே எழுதினேன்? ஆனால் பொய் பொய்தான். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். "பரவாயில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே போகும்" என்றாள். அதோடு விட்டாளா? காலி வீதியில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "அய்யே, ரோல்ஸ் தெகக்" என்று சிங்களத்தில் கேட்டு இரண்டு ரோல்ஸ் வாங்கி, ஒன்றை என் கையில் வைத்தாள். கவலைப்படாமல் சாப்பிடச் சொன்னாள். என்னைத் தேற்றினாள். அந்த ரோல்ஸை நான் எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முடிவு வந்தபோது எனக்குப் பொறியியல் பீடம் கிடைத்தது. அவளுக்கு மயிரிழையில் கைநழுவிவிட்டது. நாலாம் தரம் என்று ஒன்று இல்லை. முதலில் அழைத்து வாழ்த்தியதும் அவள்தான். "மத்தக் கேள்வியெல்லாம் நல்லாச் செய்திருப்பீங்க" என்றாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு நான் அவளை அழைக்கவில்லை. அவள் அழைத்தபோதும் ஏதாவது சாட்டுச் சொல்லி வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவளும் விட்டுவிட்டாள்.

போன கிழமை, எங்கள் கம்பனிக்கு வந்த தண்ணீர் பம்புகளைத் துறைமுகத்திலிருந்து எடுப்பதற்காகப் பத்திரங்களோடு கொட்டாஞ்சேனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்துக்குப் போனேன். எனக்குக் காட்டிய மேசையில் அவள் இருந்தாள். தலையில் கொஞ்சம் நரை. கையில் அடிமட்டம். என்னை அடையாளம் கண்டு சிரித்துவிட்டு, இருக்கச் சொல்லிவிட்டு, பத்திரத்தின் முதல் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தாள். அவள் பார்த்துவிட்ட பத்திரம் ஒருநாளும் சுங்கத்திலிருந்து திரும்பி வராதாம். பக்கத்து மேசைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"இந்த பம்ப் நானூறு கிலோவா, நாலாயிரம் கிலோவா?" என்று கேட்டாள். நிறையில் ஒரு பூச்சியம் கூடியிருந்தது.

"மூண்டு தரம் பார்த்தனான்."

"பார்த்தீங்களா, வாசிச்சீங்களா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போகும்வரை கூடப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கடைசிக் கால் மணித்தியாலத்தில் மோட்டரைக் கண்டதையும், வெட்டி எழுதியதையும், வாசலில் பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். உம்மை வாசிக்க விடாமல் செய்தது நான்தான் என்றேன். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவள் அடிமட்டத்தை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

"திருத்தினீங்களா?" என்றாள்.

"ஓம்."

"நான் வாசிச்சேன்" என்றாள். "அடிமட்டத்தை உள்ள வச்சது வாசிச்ச பிறகுதான். மோட்டர் இருந்தத ரெண்டு தரம் பார்த்தேன். குறையும் எண்டு பென்சிலால ஓரத்தில எழுதியும் வச்சேன். பிறகு அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"நீங்க சொன்னது ஒருநாளும் பிழைச்சதில்லையே. நான்தான் பிழையா விளங்கிட்டேன் எண்டு நினைச்சேன்."

அவள் அந்தக் கூடுதல் பூச்சியத்தை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

"காலை நிப்பாட்டுங்க. மேசை ஆடுது. எனக்கு வரி தப்புது."

இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஆறு பக்கம் இருந்தது. அவள் வாசித்து முடிக்கும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.