வலது காதைத் தொட்ட கவிநேசன்

கவிநேசனின் குரலை மலாக்கா ஜாசின் பக்கத்து நியாலாஸ் தோட்டத்து ஜனங்கள் முதலில் கேட்டது மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கியில்தான். பிள்ளை காணாமல் போனாலும் சரி, லாரி வழியை மறித்தாலும் சரி, மூச்சு விடாமல் அறிவிப்பான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரல்தான் அவனைக் கோலாலம்பூர் குதிரைப் பந்தயத் திடலுக்கு இழுத்துப் போனது. ஆபீசில் எடுபிடியாக நுழைந்து, மைக் பிடித்து, 1994-இல் தொலைக்காட்சியிலேயே கோட்டும் டையுமாக வந்து நின்றான். ஓடப்போகும் குதிரைகளைப் பற்றி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினான்.

அங்கேதான் சனி பிடித்தது. பேச்சின் நடுவே வலது காதைத் தொடுவான். அப்போது எந்தக் குதிரையின் பெயரைச் சொல்கிறானோ அதுதான் ஜெயிக்கும் என்று ஜாசின் கடைத்தெரு முடிவு கட்டியது. நம்ம ஆள் நமக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வான்? நம்பிப் பணம் கட்டியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அப்போதாவது புத்தி வந்ததா? நமக்குக் காட்டுவது பொய், நிஜமான ரகசியம் பெண்டாட்டிக்கு மட்டும் என்றார்கள். அதை முதலில் சொன்னவர் அந்தப் பெண்டாட்டி இந்திராதேவியின் சொந்த அண்ணன் பெரியதம்பி.

ஜாசினில் மகள் தேவிஸ்ரீயோடு இருந்த இந்திராதேவிக்கோ வேறு சந்தேகம். தனக்கு ஒரு சைகையும் வரவில்லை, அப்படியானால் யாருக்கு? கோலாலம்பூரில் இன்னொருத்தி இருக்கிறாளா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

அண்ணன் வந்து கறாராகச் சொன்னார். "தேவிஸ்ரீக்குச் சடங்கு வைக்கப்போற. தாய்மாமன் சீர் வேணும்னா, உன் புருஷன் உனக்குச் சைகை காட்டலன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. திங்கக்கிழமை வரேன்."

பந்தயம் இல்லாத அந்தத் திங்கட்கிழமை கவிநேசன் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இந்திராதேவி தேநீரோடு அவன் வலது பக்கமாகப் போய்க் கூப்பிட்டாள். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அசையவில்லை. இடது பக்கம் வந்து மெல்ல "என்னங்க" என்றதும் சட்டென்று திரும்பினான். தேநீரை வைத்துவிட்டு அவன் வலது காதையே பார்த்தாள்.

"வலது காது அடைச்சுப் போச்சு இந்திரா," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "காதுல மாட்டற இயர்போன் ஒயர் கேமராவுல தெரியக்கூடாதுன்னு அந்தப் பக்கம்தான் மாட்டுவாங்க லா. டிவிக்காரங்க அதுல பேசறது கொஞ்சமாவது கேக்கத்தான் அமுக்கிப் பிடிக்கிறேன். மாத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. தெரிஞ்சா வேலை போயிடும். மூச்சு விடாத."

இத்தனை நாள் இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

வாசலில் பெரியதம்பி. தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். அவள் கையை நீட்டினாள். பொய்யில்லாத சத்தியம்தான், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் காதைத் தொடுகிறான் என்பது. அண்ணன் வாயில் விழுந்தது ஜாசின் முழுக்கப் பரவும், கோலாலம்பூரையும் எட்டும். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

சூடம் எரிந்து தீர்ந்தது.

"அப்ப உண்மைதான்," என்றார். "சடங்குக்கு வேற தாய்மாமனைத் தேடிக்க."

"போங்கண்ணே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே, வாசல் பக்கம் வலது காதைக் காட்டி உட்கார்ந்திருந்த கவிநேசன், சூட வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"யாரு வந்தது?"

இந்திராதேவி சுற்றிக்கொண்டு அவன் இடது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"யாரும் இல்லீங்க," என்றாள்.