வெள்ளிக் குழாயில் வந்த மூச்சு

1918-ஆம் வருஷம், ஐரோப்பாவில் பெரிய சண்டை முடியப்போகிற சமயம். சிங்கப்பூரில் விஷக் காய்ச்சல் வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தது. அப்போது எனக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. கப்பலின் மேல்தட்டில் நின்றுகொண்டு, சரக்கைத் தூக்கவும் இறக்கவும், வின்ச் என்கிற பளுதூக்கி எந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்டுவேன். என் கை தப்பினால் கீழே நிற்பவர் தலையில் மூட்டை விழும். கை நடுங்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காய்ச்சல் என்னையும் விடவில்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவழியாகப் பிழைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலை, என் மனைவி சலவை வேட்டியோடு செராங்கூன் ரோட்டிலிருந்து வந்துவிட்டாள். இருவரும் வாசலை நெருங்கும்போது டிரெஸ்ஸர் பின்னால் ஓடி வந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, டாக்டருக்குக் கூடமாட நிற்பது அவர் வேலை. தமிழர்தான்.

"தம்பி, நில்லுங்க. காய்ச்சல் வந்து எந்திரிச்ச ஆளு ஒருத்தர் வேணும். இப்பவே வேணும்."

விஷயம் இதுதான். மரப்பெட்டி செய்யும் சீனத் தச்சர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, தாடைக்கு அடியில் கழுத்தெல்லாம் வீங்கிவிட்டது. மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரையும் அப்போது காய்ச்சல்காரர் என்றே நினைத்தார்கள். அவரையும் அந்த வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். நாக்கு மேலே தள்ளிக்கொண்டு, மூச்சு அடைக்கிற நிலையில்தான் டாக்டர் கண்ணில் பட்டிருக்கிறார். தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்தால்தான் பிழைப்பார். மயக்க மருந்து கொடுக்கிறவரோ காய்ச்சலில் படுத்திருந்தார். நர்சுகளும் பலர் படுக்கையில். ஆப்பரேஷன் அறை நிறைய நோயாளிகளின் கட்டில்கள். தொண்டையைத் திறந்த உடனே உள்ளேயிருந்து வரும் இருமல் எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்கும். அதனால் நோயாளி ஆடாமல் தலையைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை.

"ஒரு தடவை வந்தா திரும்ப வராதுங்கிறாங்களே, நெசமா?" என்று கேட்டேன்.

"டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறாரு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேங்கிறாரு லா."

நான் மனைவியைப் பார்த்தேன். "இப்பத்தான் ஒங்கள எனக்குத் திருப்பிக் குடுத்திருக்காங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கிக்கொண்டாள். "அந்த மனுசனுக்கும் வீட்டுல யாராச்சும் காத்திருப்பாங்க. போங்க. நான் இங்கேயே இருக்கேன்."

வெளிச்சம் வேண்டும் என்பதால் வராந்தாவிலேயே மேசை போட்டிருந்தார்கள். என் முகத்தில் துணியை நாலாக மடித்துக் கட்டினார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று தச்சரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. கழுத்து மரத்துப்போக ஒரு ஊசி மட்டும். ஆள் முழு விழிப்பில் இருந்தார். நான் பின்னால் நின்று அவர் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வெள்ளைக்கார டாக்டர் என்னைப் பார்த்து மலாயில், "ஜாங்ஙான் கோயாங்" என்றார். ஆடாதே என்று அர்த்தம். நானா ஆடுவேன்?

தச்சரின் கண்கள் என்னையே அண்ணாந்து பார்த்தன. அவர் பாஷை எனக்குத் தெரியாது. மலாயில் "பெலான், பெலான்" என்று காதருகே சொன்னேன். மெதுவாக, மெதுவாக. கத்தி இறங்கியதும் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. நான் விடவில்லை. ஒரு நொடி மூச்சுச் சத்தமே இல்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். டாக்டர் வெள்ளிக் குழாயை உள்ளே நுழைத்தார். விசில் மாதிரி ஒரு சத்தம். அடுத்தாற்போல ஒரு இருமல். சளியும் ரத்தமும் டாக்டர் மேலும், குனிந்திருந்த என் நெற்றியிலும் தெறித்தன. குழாய் வழியே காற்று போய் வரத் தொடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. எத்தனை நாள் தூக்கம் கெட்டிருந்ததோ, மனிதர் அங்கேயே, என் நெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார்.

வேலை முடிந்தது என்று முகத்தைக் கழுவினேன். டிரெஸ்ஸர் விடவில்லை. குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. அதில் சளி அடைத்தால் ஆள் காலி. அடிக்கடி உருவிக் கழுவி மாட்ட வேண்டும். பெரிய குழாயைக் கோழி இறகால் துடைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்க நர்சு கிடையாது. நான் தங்கிவிட்டேன். மனைவி எங்கள் வீட்டுக் கோழிகளின் வெள்ளை இறகாகப் பொறுக்கி, வெந்நீரில் கொதிக்க வைத்துத் தினமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாளே டாக்டருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

அதன்பின் ஒரு மத்தியானம் நல்ல மழை. கூரைமேல் விழுந்த சத்தத்தில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. தச்சர் திடீரென்று கட்டிலைத் தட்டினார். குழாயில் சத்தம் இல்லை. கண் பிதுங்கியது. சின்னக் குழாயைப் பூட்டும் கொக்கி, காய்ந்த சளியில் இறுகித் திரும்பவே மாட்டேன் என்றது. டிரெஸ்ஸரோ அடுத்த வார்டில். ஓடிப் போய்க் கூப்பிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தச்சர் பார்க்கும்படி கையை உயர்த்தி, கப்பலில் காட்டுகிற மாதிரி 'நில்' என்று காட்டினேன். புரிந்ததோ என்னவோ, திமிறுவதை நிறுத்தினார். வெந்நீர்த் துணியைக் கொக்கிமேல் ஒற்றி, நகத்தால் நெம்பினேன். திரும்பியது. உருவினேன். அப்போதும் காற்று வரவில்லை. இறகைப் பெரிய குழாயில் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினேன். உள்ளேயிருந்து இருமல் வெடித்துக்கொண்டு வந்தது. கெட்டியான சளிக்கட்டி ஒன்று என் முகத்துத் துணியில் வந்து அடித்தது. பிறகு மூச்சு, நல்ல நீளமான மூச்சு. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

டாக்டர் தேறி, மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். நான் இறகு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பாராட்டுவார் என்று நிமிர்ந்து நின்றேன். அவரோ இறகை வாங்கி, இவ்வளவு ஆழமாக விட்டால் புண்ணாகும் என்று அளவு காட்டிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவரும் சிரித்தார்.

வீக்கம் வடிந்து, குழாயை எடுத்தார்கள். தச்சர் பேச்சு வருவதற்காகக் கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு, கரகரத்த குரலில் எங்களைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. "என்னவாம்?" என்று மனைவி கேட்டாள். "பசிக்குதாம்" என்று நானாகச் சொல்லி வைத்தேன். அவள் கஞ்சி வாங்கி வந்தாள். பாத்திரம் காலியானதைப் பார்த்தால், நான் சொன்னது தப்பில்லை.

எனக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. அதன்பிறகும் லீவு கிடைத்தபோதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், காய்ச்சல் அடங்கும்வரை ஒத்தாசை செய்தேன். அடுத்தவர் மூச்சுப் பட்டாலே ஆபத்து என்று ஊரே ஒதுங்கி நடந்த அந்த நாட்களில், ஒரு மனிதரின் மூச்சு என் முகத்தில் வந்து அடித்ததை என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.